கையெழுத்துப் போடாதவர் யார்?

சொத்துச் சட்டம் பார்க்கும் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளைய வக்கீல்களிடம் நான் வாய்மொழியாகச் சொல்லிவருவதை எழுதிக் கொடுங்கள் என்று வெகுநாளாகக் கேட்கிறார்கள். இது அந்தக் குறிப்பு. சென்னையைச் சுற்றி, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் எழும் அடுக்ககங்கள், ஐ.டி. வளாகங்கள், கிடங்குகள், பெரிய மனைப்பிரிவுகள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். ஜேசிபி மண்ணைத் தொடுவதற்கு வெகுமுன்பே இந்தத் திட்டங்கள் நம் மேசைக்கு வந்துவிடுகின்றன. நாற்பது ஏக்கர் திட்டம் என்றால் பல குடும்பங்கள், பல தலைமுறைகள், கட்டுக்கட்டாகப் பத்திரங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று அந்தக் கட்டுகளே சொல்லிவிடும். போட்டிருக்க வேண்டும், ஆனால் போடவில்லை என்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குக் கட்டணம் தருகிறார்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்தத் தேடலைப் பற்றியதுதான்.

1. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள்.

கடைசிக் கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போவதும், முப்பது வருடம் எட்டியதும் நிறுத்திவிடுவதும் பழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டுக் கடனுக்கு அது போதலாம். நூறு கோடி ரூபாய் இறங்கப்போகும் நிலத்துக்குப் போதாது. அந்த நிலம் முதன்முதலில் தனியார் கைக்கு எப்படி வந்தது என்று தெரியும்வரை போங்கள். ரயத்துவாரி பட்டாவா, ஜமீன் கிராமமா, இனாமா, அரசு ஒப்படையா? ஜமீன் என்றால் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும். சிறு இனாம் என்றால் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் செட்டில்மென்ட் தாசில்தார் யாருக்குப் பட்டா கொடுத்தார், அதன்மேல் மேல்முறையீடு நடந்ததா என்பது கோப்பில் இருக்க வேண்டும். இனாம் நிலத்தில் ஊழியம் செய்தவர், பயிரிட்டவர், கோயில் என்று மூன்று தரப்பும் பட்டா கேட்டு வழக்காடிய கிராமங்கள் உண்டு. அந்த உத்தரவைப் பார்க்காமல் பிந்தைய கிரயங்களை எவ்வளவு படித்தாலும் அடித்தளம் தெரியாது.

பிறகு அங்கிருந்து ஒவ்வொரு பத்திரமாக முன்னோக்கி வாருங்கள். எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது? முழுவதும் அவருடையதா, பாகமா? அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர் வேறு யாராவது உண்டா? மூன்றாவது கேள்விக்கான விடை பத்திரத்துக்குள் இருக்காது. வாரிசுச் சான்றிலும், வழக்குக் கோப்பிலும், ஊரிலும்தான் இருக்கும்.

2. பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் பத்திரத்தோடு ஒட்டிப் பாருங்கள்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. உரிமைக்கான சான்றுகளில் அதுவும் ஒன்று, அவ்வளவே. பட்டாவில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. குறிப்பாக 1980-களில் நடந்து முடிந்த யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாடு) பணியில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியதும், பாதி நிலம் விட்டுப்போனதும், தனியார் நிலம் அரசு நிலமாகப் பதிவானதும் உண்டு. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பழைய சர்வே எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டு விவரம் வாங்குங்கள். நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடும் வேண்டும்.

செக்குபந்தியை யாரும் கவனமாகப் படிப்பதில்லை. 1950-களில் எழுதிய நான்கெல்லையையே இன்றுவரை அப்படியே படியெடுத்து வருகிறார்கள். எப்போதோ இறந்துபோனவரின் நிலம் இன்னும் 'வடக்கு எல்லை'யாகப் பத்திரத்தில் நிற்கும். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் பெரும்பாலும் எல்லைக்கே நீதிமன்றங்கள் முன்னுரிமை தரும். ஆகவே அந்த வரிகளைச் சடங்காக எண்ண வேண்டாம். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய், இன்று நான்கு பக்கமும் யார் இருக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள். எல்லைத் தகராறு ஒன்று உள்ளே இருந்தால் அன்றே வெளியே வந்துவிடும்.

3. வில்லங்கச் சான்றில் வராதவை எவை என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உயில் வராது, அதைப் பதிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. ஓராண்டுக்கு உட்பட்ட வாடகை வராது. பத்திரத்தை வெறுமனே ஒப்படைத்து வாங்கிய கடன், அதற்கான குறிப்பாணை பதிவாகாதவரை, வராது. நிலுவையில் இருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. எனவே விற்பவர், அவருடைய தகப்பனார், சகோதரர்கள் எல்லோருடைய பெயரிலும் முன்சீஃப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், உயர் நீதிமன்றம், கடன் வசூல் தீர்ப்பாயம் என்று தேடுங்கள். கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் முன் நடக்கும் பட்டா மேல்முறையீடுகளையும் கேளுங்கள்.

கணினியில் கிடைக்கும் காலத்துக்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்தக் கிராமம் முன்பு வேறொரு சார்பதிவாளர் எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும். உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், மூல எண்ணில் பதிவான பத்திரம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டையும் போடுங்கள்.

பொது அறிவிப்பு கொடுப்பதாக இருந்தால் அந்த ஊர் டீக்கடையில் கிடக்கும் தமிழ் நாளிதழில் கொடுங்கள். உரிமை கொண்டாடக்கூடியவர் படிக்காத பத்திரிகையில் கொடுக்கும் அறிவிப்பால் யாருக்கும் பாதுகாப்பில்லை.

4. அக்கா, தங்கை, அத்தை, பாட்டி.

நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. என் அனுபவத்தில் பெரிய திட்டங்களை நடுவழியில் நிறுத்திய வழக்குகளில் பெரும்பகுதி, பாகம் கொடுக்கப்படாத பெண்கள் போட்டவை. அந்த வழக்குகளில் நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் தனிச்சொத்தில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கூட்டுக் குடும்பச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு மார்ச் 25 அன்று மணமாகாதிருந்த மகள்கள் மகனைப் போலவே பங்காளி ஆனார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளும் விற்பனைகளும் மட்டும் தப்பும். இந்தத் தேதிகளைக் காகிதத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இறப்புத் தேதிகளை இதன்மேல் வைத்துப் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று தெரியும்.

நடைமுறை வேறாக இருக்கிறது. பட்டா அண்ணன் தம்பிகள் பெயரில் இருக்கும். "அவங்களுக்கெல்லாம் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு சார்" என்பார்கள். சீர் செய்வது விடுதலைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்றிலும்கூடச் சில நேரம் பெண்கள் பெயர் விட்டுப்போயிருக்கும். சகோதரர்கள் சொன்னதை வைத்து எழுதியிருப்பார்கள். நான் கேட்டு வாங்கும் காகிதம் ஒன்று உண்டு: குடும்பத்தில் கடைசியாக நடந்த கருமாதிப் பத்திரிகை. அதில் மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று ஒருவர் விடாமல் அச்சிட்டிருப்பார்கள். துக்க வீட்டில் யாரும் சொத்துக் கணக்குப் பார்த்துப் பெயரை விடுவதில்லை. அதைக் கிராம நிர்வாக அலுவலர் தரும் விவரத்தோடு ஒப்பிட்டு வம்சாவளி எழுதுங்கள்.

பெயர் கிடைத்த பிறகு அந்த அம்மா நேரில் வர வேண்டும். அண்ணன் கூட வரலாம், ஆனால் நீங்கள் தனியாகப் பேசுங்கள். இன்ன சர்வே எண்ணில் இவ்வளவு சென்ட் உங்கள் பங்கு, சந்தை விலைக்கு இவ்வளவு வருகிறது, விட்டுக்கொடுப்பதும் விற்பதும் உங்கள் விருப்பம் என்று சொல்லுங்கள். பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகட்டும். ஐயாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து வாங்கிய விடுதலைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு முப்பது மாடி கட்டக்கூடாது. நீதிமன்றத்தில் நிற்காது என்பது ஒரு காரணம். அது தவறு என்பது முதல் காரணம்.

கிறிஸ்தவக் குடும்பத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், முஸ்லிம் குடும்பத்துக்கு ஷரீஅத் என்பதை மறக்க வேண்டாம். கேள்வி ஒன்றுதான், கணக்கு மாறும்.

5. மைனரும் பவரும்.

மைனரின் தனிச்சொத்தை இயற்கைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், மேஜரான பின் மூன்று ஆண்டுக்குள் அவர் அதை ரத்துசெய்யக் கோரலாம். பழைய பத்திரத்தில் 'மைனர்களுக்காகவும் தனக்காகவும் தாயார்' என்று பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் பிறந்த ஆண்டை உடனே கணக்கிடுங்கள். பவர் என்றால், எழுதிக்கொடுத்தவர் இறந்த நாளில் அதுவும் முடிந்துவிடும் என்பது பொது விதி. பத்திரம் பதிவான நாளில் அவர் உயிரோடு இருந்தாரா என்பதற்குச் சான்று வேண்டும். பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்த்து 'விற்று' வாங்கிய நிலத்துக்கு உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து விற்கும் பவரும் கிரய ஒப்பந்தமும் பதிவுசெய்தே ஆக வேண்டியவை.

6. கையெழுத்தே போட முடியாத உரிமையாளர்கள்.

கோயில் நிலத்தின் உரிமையாளர் தெய்வம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதியில்லாத விற்பனையையும், அடமானத்தையும், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் செல்லாதென்கிறது. எத்தனை ஆண்டு அனுபவித்திருந்தாலும் காலாவதி என்று கோயிலுக்கு எதிராகச் சொல்ல முடியாது. 109-ஆம் பிரிவு அந்தக் கதவை மூடியிருக்கிறது. வக்ஃப் நிலத்துக்கும் காலாவதிக்கு எதிராக இதே போன்ற பாதுகாப்பு 2025 திருத்தம்வரை இருந்தது. 2016 அக்டோபர் முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் நடைமுறையில் இருக்கிறது. அரசு, கோயில், வக்ஃப் நிலங்களையும் அங்கீகாரமில்லா மனைகளையும் பதிவுசெய்ய மறுக்கச் சார்பதிவாளருக்கு அது அதிகாரம் தருகிறது. அறநிலையத் துறை கடிதம் கொடுத்துச் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பை 'ஜீரோ வேல்யூ' ஆக்கியிருக்கிறார்களா என்று முதல் வாரமே பாருங்கள். முன்பணம் கொடுத்த பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

அடுத்தது பஞ்சமி நிலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-ல் அன்றைய சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. முதல் பத்து ஆண்டு யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலங்கள் இன்றைய நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் நிறையவே இருக்கின்றன. 1994-ல் செங்கல்பட்டுப் பகுதியில் கரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள். 'அ' பதிவேட்டில், பழைய ஒப்படை ஆணையில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பைக் கண்டால் அதோடு நிறுத்துங்கள். இடையில் ஏழு கிரயம் நடந்திருக்கிறது, எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று யாராவது சொன்னாலும் நிபந்தனை மறைந்துவிடாது. இந்த நிலத்தை விட்டுவிடுங்கள் என்று முதலீட்டாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். ஒரு சமூகத்துக்குக் கிடைத்த கொஞ்ச நிலம் அது. அதைச் சட்டப் புத்தகத்தைக் காட்டிக் கைமாற்ற நம் அலுவலகம் உதவாது.

7. தண்ணீர் போகும் வழி.

ஏரி, குளம், வாய்க்கால், ஓடை ஆகியவற்றின் பெயரில் யாரும் ஆட்சேபக் கடிதம் அனுப்ப மாட்டார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு போனதை நாம் பார்த்தோம். பொதுக் குளங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தனியாருக்குத் தரக்கூடாது, ஆக்கிரமிப்பை முறைப்படுத்தவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஹின்ச் லால் திவாரி வழக்கிலும், 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உறுதியாகச் சொன்னது. தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றத்துக்குமான சட்டம் 2007-லேயே வந்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் தளமானது. அதன் தாக்கப் பகுதி எதுவரை என்ற கேள்வியால் சுற்றுவட்டாரக் கட்டுமானங்கள் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம் பக்கம் வேலை வந்தால் பத்திரத்துக்கு முன் சதுப்புநில வரைபடத்தை விரியுங்கள்.

இதற்கு நேரில் போயே ஆக வேண்டும். புலப்படத்தில் ஒரு மெல்லிய இரட்டைக்கோடு வாய்க்காலாக இருக்கலாம். தரையில் அது தூர்ந்து தடம் தெரியாமல் கிடக்கும். அதற்கு நேர்மாறாக, புலப்படத்தில் இல்லாத பாதை தரையில் இருக்கும். தெற்கே ஒரு கிராமத்தில் திட்டத்துக்காக வாங்கவிருந்த நிலத்தின் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று போயிற்று. எந்த ஆவணத்திலும் இல்லை. விசாரித்தால், காலனி மக்கள் சுடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகும் ஒரே வழி அது. சுற்றுச்சுவர் எழுந்த பின் அந்த ஊரில் ஒரு சாவு விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வரைபடத்தை மாற்றி, அந்தப் பாதையை அகலமாக்கி, தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கே எழுதிக்கொடுக்கச் சொன்னோம். நிறுவனமும் ஒத்துக்கொண்டது. நேரில் போய்ப் பார்ப்பதைத்தான் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் கேட்கிறது: நிலத்தில் உண்மையில் குடியிருப்பவருக்கோ பயிர் செய்பவருக்கோ இருக்கும் உரிமை, வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்ல முடியாது. போகும்போது சாயங்காலமாகப் போங்கள். மாடு மேய்ப்பவர், வேலையிலிருந்து திரும்புபவர் எல்லோரும் அப்போதுதான் கிடைப்பார்கள்.

8. உச்சவரம்பும் கையகப்படுத்தலும்.

1961-ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்பது வரம்பு. ஒரே நிறுவனத்தின் பெயரில் பெரும்பரப்பு சேர்க்கும்போது அரசின் அனுமதி தேவையா என்று முதலிலேயே பாருங்கள். 1978-ஆம் ஆண்டு நகர்ப்புற உச்சவரம்புச் சட்டம் 1999-ல் நீக்கப்பட்டாலும், அதற்குள் அரசு நிலத்தைச் சுவாதீனம் எடுத்திருந்தால் அது அரசுடையதே. வீட்டுவசதி வாரியமோ சிப்காட்டோ முன்பு கையகப்படுத்த அறிவித்த எண்களா என்று கேளுங்கள். பழைய அறிவிப்பு காலாவதியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால், 2020-ல் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் அரசியல் சாசன அமர்வு கொடுத்த தீர்ப்பைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு காலாவதி அவ்வளவு எளிதாக வராது.

9. திட்ட அனுமதிக் கோப்பு பொறியாளருடையது என்று ஒதுங்காதீர்கள்.

நில உபயோக வகைப்பாடு, சாலையின் அகலம், சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் உரிமைக் கேள்வியாகத்தான் வந்து நிற்கும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25 தளப்பரப்புக் குறியீடு கிடைக்கும். அந்த 18 மீட்டரில் ஒரு பகுதி பக்கத்து நிலத்துக்காரரின் தனிவழியாக இருந்தால் முழுத் திட்டக் கணக்கும் சரியும். சாலை யாருடையது என்று பத்திரத்தால் நிறுவுவது நம் வேலை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதம் திறந்தவெளியாகத் தானம் கொடுக்க வேண்டும். தானம் கொடுக்கும் துண்டுக்கும் வில்லங்கமற்ற உரிமை வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. கட்டுமானப் பரப்பு இருபதாயிரம் சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அது வருவதற்கு முன் வேலை தொடங்கக்கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வடிவமைப்பாளரின் கையெழுத்து, அனுமதித்த மாடி எண்ணிக்கை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வக்கீலுக்குப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

10. கூட்டு வளர்ச்சி ஒப்பந்தத்தில் நிலக்காரர் பக்கமும் உட்கார்ந்து படியுங்கள்.

பெரும்பாலும் கட்டுநர்தான் நம் கட்சிக்காரர். ஆனாலும் நிலக்காரருக்குத் தனி வக்கீல் இருக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள், அதைப் பத்திரத்திலும் எழுதுங்கள். அவருக்கு எந்த மாடியில் எந்த வீடுகள், எத்தனை மாதத்தில், தாமதமானால் மாதத்துக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி யார் கட்டுவது, கட்டுநர் வங்கியில் எதை அடமானம் வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்றெல்லாம் விட்டுவிடாமல் எழுத வேண்டும். நிறுவனம் நொடித்துப்போனால் நிலம் யாரிடம் நிற்கும் என்ற கேள்வியைத் தவிர்க்காதீர்கள். 2017-ல் வருமான வரிச் சட்டத்தில் வந்த விதிப்படி, தனிநபர் நிலக்காரருக்கு மூலதன ஆதாய வரி பணிநிறைவுச் சான்று கிடைக்கும் ஆண்டில் வரும். அதற்கு முன் தன் பங்கை விற்றுவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். இதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. ரேரா சட்டத்தின் விளக்கப்படி கட்டுபவரும் விற்பவரும் இருவருமே கூட்டாகப் பொறுப்பு. தன் பங்கு வீடுகளை விற்கும்போது நிலக்காரரும் அந்தப் பொறுப்புக்குள் வருகிறார் என்பதையும் சொல்லுங்கள்.

11. இன்னும் வராத வீட்டுக்காரர்.

உங்கள் ஒப்பீனியனைக் கேட்பது நிறுவனம். அதை நம்பிப் பணம் போடப்போவது, இருபது வருட வீட்டுக் கடன் எடுக்கவிருக்கும், இன்று நீங்கள் பெயர்கூட அறியாத ஒரு குடும்பம். 2016-ஆம் ஆண்டு ரேரா சட்டம் அவர்களை முன்வைத்தே எழுதப்பட்டது. 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் பதிவு வேண்டும். வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வரைபடத்தைப் பெரிதாக மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும். கட்டமைப்புக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் கட்டுநர் சரிசெய்து தர வேண்டும்.

இவற்றில் 18-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை நீங்கள் தனியாகப் படிக்க வேண்டும். நிலத்தின் உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நட்டம் வந்தால் கட்டுநர் ஈடுசெய்ய வேண்டும்; அதற்குக் காலவரையறை கிடையாது. மற்ற எந்தக் கோரிக்கைக்கும் ஒரு கெடு உண்டு, இதற்கு இல்லை. இன்று நீங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் அத்தையின் பாகம், முப்பது வருடம் கழித்தும் அந்தக் கட்டடத்தின் வாசலில் வந்து நிற்கலாம்.

12. ஒப்பீனியனில் மறைவாக எழுதாதீர்கள்.

குறை தெரிந்தால் முதல் பக்கத்தில் எழுதுங்கள். "மேற்படி ஆவணங்களுக்கு உட்பட்டு" என்ற ஒரு தொடருக்குள் அதைப் புதைக்காதீர்கள். தீர்க்கக்கூடிய குறை, விலையில் சரிக்கட்டக்கூடிய குறை, எதனாலும் தீராத குறை என்று பிரித்துச் சொல்லுங்கள். முதலாவதற்கு என்ன ஆவணம், யார் கையெழுத்து, எத்தனை நாளாகும் என்பதும் சேர்ந்து வர வேண்டும். முன்பணம் அந்தப் படிகளுக்கு ஏற்பத் தவணையாகப் போகும்படி ஒப்பந்தத்தை எழுதுங்கள். மூன்றாவதில் தயங்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னதற்காகக் கோபித்துப் போன கட்சிக்காரர்கள் உண்டு. அடுத்த நிலத்துக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.

13. பதிவு நாளில் பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் தயாரித்த பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை வைக்கும் முதியவர்களை இன்றும் பார்க்கிறோம். எழுதுபவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது என்று பத்திரத்தில் அச்சிட்டிருக்கும். அது உண்மையாக நடக்க வேண்டும். தொகை, பரப்பு, நான்கெல்லை, சுவாதீனம் கொடுக்கும் தேதி, நிற்கும் பயிரும் மரமும் யாருக்கு என்று நிதானமாகச் சொல்லிக் கேளுங்கள். பாதி வழியில் ஒருவர் "கிணறு நான் சொல்லலையே" என்பார். அன்றைக்குப் பதிவு தள்ளிப்போனால் போகட்டும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு அவரவர் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே சார்பதிவாளர் முன் போகச் சொல்லுங்கள். மூத்த மகன் கையில் மொத்தமாகக் கொடுப்பது வேலையைச் சுருக்கும், சண்டையை நீட்டும்.

14. வேலை முடிந்த பின் கோப்பை ஒழுங்காகக் கட்டி வையுங்கள்.

கட்டடம் முடிந்து பணிநிறைவுச் சான்று கிடைத்த 30 நாட்களுக்குள் ஆவணங்களையும் வரைபடங்களையும் வீட்டுக்காரர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ரேரா சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பெரும்பாலான சங்கங்களுக்குக் கிடைப்பது ஒழுங்கில்லாத ஒரு நகல் கட்டு. நீங்கள் தயாரிக்கும் கோப்பில் தாய்ப்பத்திரம் முதல் கடைசிக் கிரயம்வரை வரிசை எண் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, பதிவு எண், சார்பதிவாளர் அலுவலகம், அசல் யாரிடம் இருக்கிறது என்ற நான்கு விவரமும் தமிழில் இருக்கட்டும். வம்சாவளிகளைத் தனி உறையில் வையுங்கள். கிடைக்காமல்போன ஆவணங்களின் பட்டியலையும், அவற்றைத் தேடிய இடங்களையும், அதற்குப் பதிலாக எதை நம்பினோம் என்பதையும் கடைசித் தாளில் எழுதி, உங்கள் பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.